தலையில் கரண்ட் வைத்தால் கால் நடக்குமா?

வயது போன காலத்தில் பெண்களுக்கு வருகின்ற பயங்களில் பெரியவை இரண்டு. ஒன்று நெஞ்சு, மற்றது கால். நெஞ்சு படபடவென்று அடித்தால் பயம் வருகிறது. கால் தடுமாறினால் அதைவிடப் பெரிய பயம் வருகிறது. கால் போய்விட்டால் கக்கூசுக்குப் போவதற்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டுமே! இந்த இரண்டையும் தலைக்கு வெளியே இருந்து கொடுக்கும் மெல்லிய மின்சாரத்தால் சரிப்படுத்தலாம் என்று ஒரு பேச்சு இப்போது ஊர்களில் நடமாடுகிறது. போனில் வீடியோ பார்த்தவர்கள் சொல்கிறார்கள். டவுனில் மெஷின் விற்பவர்களும் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம் என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த விடயம் எனக்கு என் பெரியம்மா மூலமாகத்தான் வந்து சேர்ந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வவுனியாப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் அம்மா வந்தார். அம்மாவின் அக்கா ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். இந்தச் சஞ்சிகையை வன்னியில் இருந்து வாசிக்கிற பல சகோதரிகளுக்கு இப்படி ஒரு பெரியம்மாவோ அம்மாயியோ இன்னும் லயத்தில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். யுத்தம் எங்களைத் துரத்திய காலத்தில் எங்களுக்கு அரிசி வாங்கக் காசு அனுப்பியவர்கள் அவர்கள்தான்.

பெரியம்மா பதினாறு வயதில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனவர். நாற்பது வருடத்துக்கு மேல் மலை ஏறி இறங்கியிருக்கிறார். காலையில் பெரட்டுக்கு நேரத்துக்குப் போய், இடுப்பில் படங்கு கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர் ஏறிய ஏற்றத்தைக் கணக்கெடுத்தால் சிவனொளிபாத மலையைப் பல நூறு தடவை ஏறியதாக வரும். அப்படிப்பட்டவருக்கு நடை போதாமல் வருத்தம் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு வந்தது பிரஷர். அது சத்தம் போடாமல் வரும். தலை சுற்றினால் "பனி ஒத்துக்கல" என்பார். டிஸ்பென்சரியில் கொடுத்த குளிசையை ஒரு மாதம் குடித்தார். தலைச்சுற்று நின்றதும் குளிசையையும் நிறுத்திவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு விடியற்காலை, அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவருக்கு வலது கை மாவோடு அப்படியே நின்றுபோனது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. பாரிசவாதம்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் பாதிதான் திரும்பி வந்தன. லயத்து வாசலில் மூன்று படி, அதற்கப்பால் கானுக்கு மேலே ஒரு பலகை, பிறகு பீலிக்கரைக்குச் சரிவு. இவ்வளவுதான் அவருடைய உலகம். அந்த மூன்று படியும் திடீரென்று மலையாகிவிட்டது.

இந்த நிலையில்தான் டவுனில் ஒரு மாடி மண்டபத்தில் "நரம்பு தெரப்பி" என்று போர்டு போட்டு ஒரு கூட்டம் வந்திருக்கிறது. காலுக்குக் கீழே ஒரு தட்டு, தலைக்கு ஒரு பட்டி. தினமும் அரை மணித்தியாலம் இலவசமாக உட்காரலாம். தேத்தண்ணியும் கொடுப்பார்கள், "அம்மா, அம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். மூன்று கிழமை போனதும் மெஷினை வீட்டுக்கே வாங்கலாம் என்றிருக்கிறார்கள். விலை இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட. பெரியம்மாவின் சேவைக்காலப் பணத்தில் மிச்சம் இருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். லயத்துக் கூரைத் தகரம் மாற்றுவதற்காக அதை வைத்திருந்தார்.

"கரண்டு வச்சா மூளை முழிச்சுக்குமாம்டி. மூணு மாசத்துல நடந்துருவேன்னு அந்தத் தம்பி சத்தியம் பண்ணுது" என்று போனில் சொன்னார். அவருடைய குரலில் அவ்வளவு சந்தோசத்தை நான் நெடுநாளாகக் கேட்டதில்லை. அதனால் உடனே "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஒரு மாசம் பொறுங்க பெரியம்மா, நான் விசாரிச்சுட்டு வர்றேன்" என்றேன்.

மீனில் தொடங்கிய கதை

தலைக்கு வெளியே இருந்து மூளையைத் தூண்டும் வைத்தியம் என்பது பொய் அல்ல. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், மின்சாரம் அடிக்கும் ஒருவகைத் திருக்கை மீனை உயிரோடு பிடித்துத் தலைவலிக்காரரின் நெற்றியில் வைத்திருக்கிறார். கால் வீக்கத்துக்கு அதே மீனின் மேல் காலை வைத்துக் கடற்கரையில் நிற்கச் சொல்லியிருக்கிறார். தலைக்குப் பட்டி, காலுக்குத் தட்டு என்ற ஹற்றன் மண்டபத்து ஏற்பாட்டுக்கு அவரே மூத்தவர் போலும்.

இன்றைய முறைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று காந்தம். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் அந்தனி பார்க்கர் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1985 இல் ஒரு கம்பிச் சுருளைத் தலைக்கு மேல் பிடித்து, அதில் சட்டென்று மின்சாரம் பாய்ச்சினார்கள். சுருளில் உண்டான காந்த சக்தி மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள் ஒரு சிறு மின்னோட்டத்தை எழுப்ப, எதிர்ப்பக்கத்துக் கை துடித்தது. வலி இல்லை, வெட்டுத் தையல் இல்லை. மனச்சோர்வு நோய்க்கு இந்தக் காந்த முறையை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008 இல் அனுமதித்தது. எங்களுக்குக் கிட்டவே, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல நரம்பியல் நிறுவனத்தில் இந்த வகை வைத்தியங்களும் ஆராய்ச்சிகளும் நடக்கின்றன.

மற்றது மெல்லிய மின்சாரம். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் வைத்து, ஒன்று அல்லது இரண்டு மில்லி அம்பியர் மின்சாரத்தை இருபது நிமிடம் போல விடுவார்கள். ரேடியோ பற்றரி ஒன்றே அதற்குப் போதும். 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர், இவ்வளவு சிறிய மின்சாரமே கை கால்களை அசைக்கும் மூளைப் பகுதியின் துடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் எங்கும் இது பரவியது.

மனநல வாட்டுகளில் கொடுக்கும் "ஷொக்" என்று நினைத்துப் பயப்படத் தேவையில்லை. அதில் ஏறத்தாழ 800 மில்லி அம்பியர், மயக்க மருந்து கொடுத்து, வலிப்பு வரும்படி செலுத்துவார்கள். இது அதில் நானூறில் ஒரு பங்கு. தலையில் எறும்பு ஊர்வது போல இருக்கும், அவ்வளவுதான்.

நெஞ்சுக்கு எப்படிப் போகிறது?

தலையில் வைப்பது நெஞ்சுக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். எங்கள் நெஞ்சு தானாகத்தான் அடிக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு கடிவாளம் உண்டு. ஒன்று வேகப்படுத்தும், மற்றது அமர்த்தும். அமர்த்துவது மூளையின் அடியில் இருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அலைந்து திரிகிற வேகஸ் என்ற நரம்பு. 1921 இல் ஒட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளைகளின் இதயத்தை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அது மெதுவானது. அந்த இதயம் ஊறிக்கிடந்த தண்ணீரை மற்ற இதயத்தின் மேல் விட, அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு இரசாயனத்தின் வழியாகத்தான் பேசுகிறது என்பது அப்போது தெரிந்தது. 1936 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடிவாளம் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. பட்டாசு வெடித்தாலும் நெஞ்சு எகிறுகிறதே, அது வேகப்படுத்தும் கடிவாளம் இறுகிப்போனதால்தான். நெடுங்காலப் பயமும் துக்கமும் இருதய நோய்க்கு வழி வைக்கின்றன என்பது இப்போது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட விடயம். பெண்கள் நெஞ்சு படபடப்பைச் சொன்னால் "மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. மனசு காரணமாக இருந்தாலும் அடிபடுவது இருதயம்தான் அல்லவா?

மூளையின் முன்பகுதியைத் தூண்டினால் நெஞ்சுத் துடிப்பு சற்றுக் குறைகிறது என்று பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். 2017 இல் அந்தச் சோதனைகளையெல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. ஆனால் இரத்த அழுத்தத்தில் உறுதியாகச் சொல்லும்படி பெரிய மாற்றம் இல்லை. பிரஷர்க் குளிசைக்குப் பதிலாக இதை வைக்கலாம் என்று எவர் சொன்னாலும் அவரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

என்னை வியக்க வைத்தது காது விடயம். வேகஸ் நரம்பின் ஒரு சிறு கிளை காதுக்கு வருகிறது. காதுத் துளைக்கு முன்னால் சின்னக் கதவு போல ஒரு குருத்து இருக்கிறதே, அங்கே ஒரு கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் கொடுத்தால் அது வேகஸைத் தொடுகிறது. இருதயம் தாளம் தப்பி அடிக்கும் ஒரு நோய் முதியவர்களுக்கு வருவதுண்டு. அது உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து ஐந்து மடங்கு. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் அந்த நோய் விட்டுவிட்டு வந்த 53 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் காதுக் குருத்திலும், மறு பகுதியினருக்கு நாங்கள் தோடு போடுகிற கீழ் மடலிலும் தினமும் ஒரு மணித்தியாலம் கிளிப் மாட்டினார்கள். தோடு போடும் இடத்தில் வேகஸின் கிளை இல்லை. ஆகவே அது ஒப்புக்கு. ஆறு மாதம் முடிந்தபோது, குருத்தில் மாட்டியவர்களுக்குத் தாளம் தப்பும் நேரம் மற்றவர்களைவிட 85 வீதம் குறைவாக இருந்தது. இது 2020 இல் வெளிவந்தது.

நல்ல செய்திதான். ஆனாலும் 53 பேர் என்பது ஒரு லயத்துச் சனம். ஒரு லயத்தில் பார்த்ததை வைத்து நாடு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நடந்தபடி பேச முடிகிறதா?

இனிக் காலுக்கு வருவோம். நடப்பது காலின் வேலை என்றுதான் நினைக்கிறோம். வயது போகப் போக அது மூளையின் வேலை ஆகிவிடுகிறது. 1997 இல் சுவீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் 58 பேரை மிக எளிமையாகச் சோதித்தார்கள். அவர்களோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்துவிட்டார்கள். மூளையால் இரண்டு வேலையைச் சேர்த்துப் பார்க்க முடியாதபோது கால் தடுமாறுகிறது என்பதே இதன் பொருள்.

இதற்கு மெஷினும் வேண்டாம், காசும் வேண்டாம். உங்கள் வீட்டு முதியவரோடு நடந்துகொண்டே "நேற்று என்ன கறி?" என்று கேட்டுப் பாருங்கள். நின்று பதில் சொன்னால் இனி அவரைச் சரிவில் தனியே விடாதீர்கள். கொழுந்து மலையில் கதை பேசிக்கொண்டே நிரை மாறாமல் நடந்தவர்கள், இப்போது கானுப் பலகையில் கால் வைக்கும்போது வாயை மூடிக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். அதன் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிராட் மேனர் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும், முதியவர்களின் மூளை முன்பகுதிக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்து, கணக்குச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். தடுமாற்றம் கொஞ்சம் குறைந்தது. இவையும் சிறு சோதனைகள்தான். கிடைத்த பலனும் கொஞ்சம்தான். வழி தெரிகிறது, ஊர் இன்னும் வரவில்லை.

பாரிசவாதத்துக்கு நடந்த ஒரு சோதனையைத்தான் நான் பெரியம்மாவுக்கு வரிவரியாகச் சொன்னேன். அமெரிக்காவில் 12 நிலையங்களில், பாரிசவாதத்தால் கை விழுந்து மூன்று மாதம் முதல் ஒரு வருடம் ஆன 199 பேரைச் சேர்த்தார்கள். ஆறு கிழமைக்குள் 18 தடவை காந்த வைத்தியம். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பின்னால் கைக்கு நல்ல பயிற்சி. ஒரு பகுதியினருக்கு உண்மையான காந்தம், மறு பகுதியினருக்கு அதே போல இருக்கும் பொய்க் காந்தம். பயிற்சி இருவருக்கும் ஒன்றே. 2018 இல் முடிவு வந்தது. உண்மைக் காந்தம் வைத்தவர்களில் 67 வீதமானவர்களின் கை நன்றாக முன்னேறியிருந்தது. பொய்க் காந்தம் வைத்தவர்களில்? 65 வீதம்.

பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மருந்து அந்தப் பயிற்சிதானா?" என்றார். ஆம், அதுதான். அந்த மாடி மண்டபத்தில் தேத்தண்ணி கிடைத்தது, அன்பான பேச்சும் கிடைத்தது. கிடைக்காதது அந்த ஒன்றுதான். மூன்று கிழமையாக அவரை ஒருவரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. கதிரையில்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

காந்தமும் மின்சாரமும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற வைத்தியம் அது. பாரிசவாதத்துக்கும் நல்ல வழி ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள். ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நாள் என்று வைத்தியர் அளந்து கொடுக்கிற வைத்தியம் அது. தட்டு ஒன்றையும் பட்டி ஒன்றையும் தவணைக்கு விற்பவரிடம் அந்த அளவு இல்லை. பஞ்சைச் சரியாக நனைக்காவிட்டால் தோல் பொசுங்கவும் செய்யும்.

ஏற்கெனவே உள்ளவை

இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 10 புள்ளி குறைத்தால் பாரிசவாதம் வருவது 100 க்கு 27 குறைகிறது என்று உலகெங்கும் நடந்த பெரிய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2016 இல் கணக்கிட்டார்கள். பெரியம்மா நிறுத்திய குளிசை அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அரசாங்க கிளினிக்கில் அது காசில்லாமல் கிடைக்கிறது. 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்த்துச் சொல்லும் நிலையங்களைச் சுகாதார அமைச்சு 2011 முதல் வைத்தியசாலைகளோடு சேர்த்து நடத்துகிறது. கிளினிக் நாளில் போனால் ஒரு நாள் பேர் போய்விடும், அந்த நாள் சம்பளமும் போய்விடும் என்பதுதான் தோட்டத்துப் பெண்கள் சொல்லும் காரணம். அது நியாயமான காரணம். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் பேசினால் நல்லது.

உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரொட்டி மாவில் உப்பு, தொட்டுக்கொள்ளும் சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு. ரொட்டி மாவில் போடுவதை நிறுத்தினால் முதல் கிழமை சப்பென்று இருக்கும், பிறகு நாக்குப் பழகிவிடும். கருவாட்டை நிறுத்தச் சொல்லி நான் பெரியம்மாவோடு சண்டை போடவில்லை. அது முடியாத காரியம்.

காலுக்கு, நியூசிலாந்தில் ஒட்டாகோ என்ற இடத்தில் 1990 களில் உருவாக்கிய பயிற்சி முறை ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே செய்யலாம். கிழமைக்கு மூன்று நாள், அரை மணித்தியாலம். கதிரையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துவது, பக்கவாட்டில் காலைத் தூக்குவது, கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழுந்து உட்காருவது, ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது. இவற்றோடு கொஞ்ச நடை. இதைச் செய்த முதியவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பாரிசவாதம் வந்தவர்கள் தாங்களாகத் தொடங்கக்கூடாது. ஆதார வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் இயன்மருத்துவப் பிரிவு இருக்கும். அங்கே ஒரு தடவையாவது காட்டிப் பழகிக்கொள்ள வேண்டும். ஹற்றன், நோர்வூட் பக்கத்தவர்களுக்கு இந்திய உதவியோடு கட்டி 2017 மே 12 இல் திறந்த டிக்கோயா வைத்தியசாலை இருக்கிறது, 150 கட்டிலோடு.

பெரியம்மா மெஷின் வாங்கவில்லை. கூரைத் தகரத்தில் பாதி மாற்றியாயிற்று. தம்பி மூங்கிலில் ஒரு கைபிடி கட்டிக் கொடுத்திருக்கிறான், படிக்குப் பக்கத்தில். காலையிலும் மாலையிலும் அதைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்காருகிறார். பீலிக்கரை வரை தடியோடு போகிறார். கை அவ்வளவாகத் திரும்பவில்லை. ரொட்டியை இடது கையால் தட்டுகிறார், அது வட்டமாக வருவதில்லை என்று மருமகளிடம் குறைப்படுகிறார்.

நெஞ்சை அமர்த்துவதற்கும் ஒரு வழி உண்டு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக விட்டால் வேகஸ் நரம்பு வேலை செய்கிறது. 2001 இல் இத்தாலிய வைத்தியர் லூசியானோ பெர்னார்டி 23 பேரை ஜெபமாலையை இலத்தீனில் சொல்லச் சொல்லியும், மந்திரம் ஒன்றை ஓதச் சொல்லியும் அளந்து பார்த்தார். இரண்டிலும் மூச்சுத் தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்கு வந்து நின்றது. கோயில் பெண்களும் சேர்ச் பெண்களும் இதை வைத்துச் சண்டை பிடிக்கத் தேவையில்லை! இரவில் பழைய நினைவு வந்து நெஞ்சு அடிக்கும்போது ஐந்து நிமிடம் இப்படிச் செய்து பாருங்கள். நெஞ்சு நோவு கையில் இறங்கினால் அல்லது மூச்சு முட்டினால் இது போதாது. உடனே வைத்தியசாலைதான்.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. அடைத்த இரத்தக் குழாயைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதுவும் தலையை ஸ்கேன் எடுக்கும் வசதி உள்ள பெரிய வைத்தியசாலையில்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, பிறகு எல்லா மாகாணத்துக்கும் வந்துவிட்டது. தோட்டத்து உட்பாதை அவர்களுக்குத் தெரியாது. ஆகவே எந்தப் பிரிவு, எந்தக் கோயில் சந்தி என்று சொல்லி, ரோட்டு முனைக்கு ஒரு பையனை அனுப்பி நிறுத்துங்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் இதை வாசிக்கிற சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் பலருடைய உடம்பில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. தலையிலோ கழுத்திலோ இரும்புத் துண்டு உள்ளவர்களுக்குக் காந்த வைத்தியம் கொடுக்கவே கூடாது. காந்தம் அந்தத் துண்டை அசைக்கலாம், சூடாக்கலாம். காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உடம்பில் எங்கே துண்டு இருந்தாலும் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மண்டை ஓட்டில் ஓட்டை உள்ளவர்கள், தகடு வைத்தவர்கள், வலிப்பு வருகிறவர்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எவரும் வைத்தியர் சொல்லாமல் தலையில் எந்த மின்சாரத்தையும் வைக்கக்கூடாது. மெஷின் விற்பவர்கள் இதைக் கேட்பதில்லை. பெரியம்மாவிடமும் யாரும் கேட்கவில்லை. எங்கள் அயலில் ஒரு தங்கைக்கு 2009 இல் காதுக்குப் பின்னால் பட்ட துண்டு வெளியே தெரியாது, தலைமுடி மூடியிருக்கிறது, அவளும் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. அப்படியானவர்கள் பழைய எக்ஸ்ரேயைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்திருங்கள். எக்ஸ்ரே தொலைந்திருந்தால் இன்னொன்று எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். துண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே வைத்தியரைக் கொண்டு எழுதுவியுங்கள்.